நீட்டிப்பு ஒத்துவராத தரவுக் கோப்பை ஆக்சஸில் ஏற்றும் முறை

கைரேகை வருகைப்பதிவுக் கருவியிலிருந்து பென் டிரைவில் எடுத்து வந்த கோப்பையோ, பழைய கணக்கு மென்பொருள் வெளியிட்ட கோப்பையோ மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் ஏற்ற முயல்பவர்கள் பெரும்பாலும் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியில் அந்தக் கோப்பு கண்ணுக்கே தெரிவதில்லை. எப்படியோ அதைத் தேர்ந்தெடுத்துவிட்டாலும், தரவுத்தளம் படிப்பதற்கு மட்டுமே உரியது, புதுப்பிக்க இயலாது என்று பொருள்படும் 3027 எண் பிழைச்செய்தி வந்து நிற்கிறது. இந்தச் செய்தியை அப்படியே நம்பிக் கோப்பின் உரிமைகளையும், கோப்புறையின் அனுமதிகளையும், நிர்வாகியின் கடவுச்சொல்லையும் தேடி அரை நாளைச் செலவழித்தவர்களை நான் அறிவேன். அங்கே எந்தப் பூட்டும் கிடையாது. கோப்பின் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளை, அதாவது நீட்டிப்பை, ஆக்சஸின் உரைக்கோப்பு இயக்கி ஏற்கவில்லை என்பதுதான் செய்தியின் உண்மையான பொருள். புதிய பதிப்புகளில் சில இடங்களில் ஏற்கத்தக்க நீட்டிப்புகளின் பட்டியலையே செய்தி சொல்லிவிடுகிறது. ஆனால் நிரல் வழியாக இறக்குமதி செய்யும்போது பழைய செய்தியே இன்னும் தலைகாட்டுகிறது.

ஏற்கப்படும் நீட்டிப்புகள் மிகச் சில: டி.எக்ஸ்.டி., சி.எஸ்.வி., டேப், ஏ.எஸ்.சி., இவற்றுடன் தற்காலிகக் கோப்புக்கான டி.எம்.பி., வலைப்பக்கங்களுக்கான எச்.டி.எம்., எச்.டி.எம்.எல். ஆகியவை. டி.ஏ.டி., பி.ஆர்.என்., எல்.ஓ.ஜி., 001 போன்ற எண் நீட்டிப்புகள், நீட்டிப்பே இல்லாத கோப்புகள் எல்லாம் உள்ளே சுத்தமான உரையைக் கொண்டிருந்தாலும் வாசலிலேயே நிறுத்தப்படும். இந்தக் கட்டுப்பாடு வெறும் பிடிவாதமன்று. ஆக்சஸுக்கு அடியில் இயங்கும் ஜெட் என்ற தரவு இயந்திரத்தின் உரைக்கோப்பு இயக்கியைக் கொண்டு, ஒரு வினவல் (தரவுத்தளத்துக்கு இடும் கட்டளை, க்வெரி) வழியாகவே கணினியில் எந்தப் பெயரிலும் உரைக்கோப்பை எழுதிவிட முடியும் என்ற பாதுகாப்புக் குறை 1999-இல் வெளிப்பட்டது. தொடக்கக் கட்டளைகள் அடங்கிய கோப்பின் மேலேயே ஒருவர் தம் விருப்பப்படி எழுதிவிட முடியும் என்றால் அதன் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டில் அதற்குத் திருத்தம் வெளியிட்டது. இயக்கி தொடக்கூடிய நீட்டிப்புகளைச் சிலவற்றோடு நிறுத்தி வைப்பது இந்த ஆபத்துக்கு எதிரான காப்பு; பின்னால் வந்த ஏஸ் இயந்திரமும் அதைத் தொடர்கிறது. ஆகவே கட்டுப்பாட்டை உடைப்பதைவிட, அதற்குள் நின்று வேலையை முடிப்பதே சரியான வழி என்பது என் கருத்து.

முதலில் உள்ளே பாருங்கள்

நீட்டிப்பு என்பது பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு அது சான்றாகாது. எனவே எதையும் மாற்றுவதற்கு முன்னால், கோப்பின் ஒரு படியை எடுத்து அதை நோட்பேடில் திறந்து பார்க்க வேண்டும். மூலக்கோப்பைத் தொடாமல் படியில் மட்டுமே வேலை செய்வதை இந்த முழு வேலையிலும் விடாமல் கடைப்பிடியுங்கள், ஏனெனில் நோட்பேடில் தவறுதலாகச் சேமித்துவிட்டால் குறியாக்கமோ (எழுத்துகளை எண்களாகப் பதியும் முறை) வரிமுடிவோ மாறிப்போகக்கூடும், பிறகு மூலம் எப்படி இருந்தது என்பதை அறிய வழியிருக்காது.

திறந்ததும் எழுத்துகளும் எண்களும் ஒழுங்கான வரிகளாகத் தெரிந்தால் அது உரைக்கோப்பு, வேலை எளிது. தெளிவற்ற குறிகள் குவிந்து தெரிந்தால் அது இருமக் கோப்பு (பைனரி), அதாவது எழுத்தாகப் படிக்க முடியாத தரவு. அதன் பெயரை மாற்றுவதால் எந்தப் பயனும் இல்லை. அந்த நிலையிலும் முதல் சில எழுத்துகள் துப்புக் கொடுக்கும். பி, கே என்ற இரு ஆங்கில எழுத்துகளோடு தொடங்கினால் அது ஜிப் பொதி, அல்லது ஜிப் முறையில் கட்டப்படும் புதிய வகை எக்செல் கோப்பு. அந்த எழுத்துகள் ஜிப் வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயரின் முதலெழுத்துகள். எஸ்.க்யூ.லைட் ஃபார்மேட் 3 என்ற சொற்களோடு தொடங்கினால் அதுவே ஒரு முழுத் தரவுத்தளம். அதற்குரிய மென்பொருளில் திறந்து அட்டவணைகளைச் சி.எஸ்.வி.யாக வெளியே எடுத்துக்கொள்ள வேண்டும். விழுக்காட்டுக் குறியும் பி.டி.எஃப். என்ற எழுத்துகளும் முதலில் இருந்தால், அனுப்பியவரிடம் தரவாகக் கேட்டுப் பெறுவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

அடிக்கடி ஏமாற்றும் ஒரு வகையைத் தனியே சொல்ல வேண்டும். பல வலைச் செயலிகள் எக்செலுக்கு ஏற்றுமதி என்ற பொத்தானின் பின்னால் உண்மையான எக்செல் கோப்பை உருவாக்குவதில்லை. வலைப்பக்க அட்டவணை ஒன்றை எழுதி, அதற்கு எக்ஸ்.எல்.எஸ். என்று பெயர் சூட்டி அனுப்பிவிடுகின்றன. எக்செல் அதைத் திறக்கும்போது, வடிவமும் நீட்டிப்பும் பொருந்தவில்லை என்று எச்சரித்துவிட்டுத் திறந்து காட்டிவிடும். ஆக்சஸோ எதிர்பார்த்த வடிவில் இல்லை என்று மறுத்துவிடும். நோட்பேடில் திறந்தால் கோணக் குறிகளுக்குள் டேபிள் என்ற சொல் தெரியும், அதுவே அடையாளம். அந்தப் படிக்கு எச்.டி.எம்.எல். என்று பெயரிட்டு, எக்ஸ்டர்னல் டேட்டா தாவலில் எச்.டி.எம்.எல். ஆவணமாக இறக்குமதி செய்தால் ஆக்சஸ் ஏற்றுக்கொள்ளும்.

பெயர் மாற்றுதல்

விண்டோஸ் வழக்கமாகத் தெரிந்த நீட்டிப்புகளை மறைத்து வைக்கும். அதைக் கவனிக்காமல் பெயரை மாற்றினால், மாற்றியதாக நினைத்தது நடக்காமல் இரட்டை நீட்டிப்பு உண்டாகும். ஆகவே ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ பட்டியில் கோப்புப் பெயர் நீட்டிப்புகளைக் காட்டும் தெரிவை முதலில் இயக்குங்கள். பிறகு படியின் பெயரில் டி.ஏ.டி. இருக்கும் இடத்தில் டி.எக்ஸ்.டி. என்று மாற்றுங்கள். கோப்பு பயன்படாமல் போகலாம் என்று விண்டோஸ் கேட்கும்; உள்ளே பார்த்து உறுதிசெய்த பின் மாற்றுவதால் தயங்க வேண்டியதில்லை.

சி.எஸ்.வி. என்று ஏன் மாற்றக்கூடாது என்று கேட்கலாம். மாற்றலாம், ஆனால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. சி.எஸ்.வி. கோப்பை யாராவது இருமுறை சொடுக்கினால் அது எக்செலில் திறக்கும். எக்செல் தனக்குத் தெரிந்தபடி மதிப்புகளைத் திருத்தும். கேட்கும்போது சேமி என்று அழுத்திவிட்டால் சேதம் நிலைத்துவிடும். கணக்கு எண்ணின் முன்னால் உள்ள சுழியங்கள் உதிர்ந்துவிடும். 12 இலக்க எண் அடுக்குக்குறி வடிவில் சுருங்கி, அப்படியே கோப்பில் எழுதப்படும். 16 இலக்க எண்ணின் கடைசி இலக்கம் சுழியமாகிவிடும், ஏனெனில் எக்செல் 15 இலக்கங்களுக்கு மேல் நினைவில் வைப்பதில்லை. மரபணுக்களின் பெயர்களை எக்செல் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு 2020-இல் சில மரபணுக்களின் பெயர்களையே மாற்ற நேர்ந்தது என்பதை நினைத்தால் இந்தத் தொல்லையின் அளவு புரியும். தரவு ஆக்சஸுக்குப் போகும் வழியில் எக்செலைத் தொடாமல் போவதே நல்லது.

பெயரில் நீட்டிப்புக்கு முன்னால் வேறு புள்ளிகள் இருக்கக்கூடாது என்பதையும் இங்கேயே கவனித்துக்கொள்ளுங்கள். மார்ச் மாத விற்பனை என்பதற்கு 03.2024 என்று பெயரின் நடுவில் எழுதி வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்தப் புள்ளிகளைக் கண்டு ஆக்சஸ் குழம்பி, பெயர் செல்லாது என்றோ பொருளைக் காணவில்லை என்றோ சொல்லும். புள்ளிக்குப் பதில் அடிக்கோடு இடுங்கள். பெயரும் குறுகியதாக இருக்கட்டும்.

இதுபோன்ற கோப்புகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் ஒவ்வொன்றாகப் பெயர் மாற்ற வேண்டியதில்லை. கட்டளைச் சாளரத்தில் காப்பி என்ற கட்டளையின் மூலம் ஒரு கோப்புறையிலுள்ள எல்லா டி.ஏ.டி. கோப்புகளுக்கும் டி.எக்ஸ்.டி. படிகளை ஒரே வரியில் எடுக்கலாம். பெயர் மாற்றும் கட்டளையைவிட இதுவே பாதுகாப்பானது, மூலங்கள் அப்படியே இருக்கும். அதே கட்டளையால் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக இணைக்கவும் முடியும். இணைக்கும்போது சாய்கோட்டுடன் பி என்ற எழுத்தைச் சேர்த்து இரும முறையில் இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் இறுதியில் கோப்பின் முடிவைக் குறிக்கும் கண்ணுக்குத் தெரியாத எழுத்தொன்று சேர்ந்து, அட்டவணையின் கடைசியில் பொருளற்ற பதிவாக வந்து உட்காரும். ஒவ்வொரு கோப்பிலும் தலைப்பு வரி இருந்தால் அந்த வரிகளும் நடுநடுவே வந்துவிடும் என்பதால் அவற்றைப் பின்னர் நீக்க மறக்கக்கூடாது.

வருகைப்பதிவுக் கோப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு

பல அலுவலகங்களில் இருக்கும் கைரேகைக் கருவிகள் அட்லாக் என்ற பெயரில் டி.ஏ.டி. நீட்டிப்புடன் ஒரு கோப்பைப் பென் டிரைவில் எழுதும். அதன் ஒவ்வொரு வரியிலும் முதலில் பணியாளர் எண், அடுத்து 2024-03-05 09:02:11 என்பது போன்ற தேதியும் நேரமும், அதன்பின் 1, 0, 1, 0 என்பது போன்ற சில எண்கள் இருக்கும். இவற்றைப் பிரித்து நிற்பது தத்தல் குறி, அதாவது விசைப்பலகையின் டேப் விசை இடும் குறி. கடைசியில் வரும் எண்கள் உள்ளே வந்தாரா வெளியே போனாரா, விரலைக் கொண்டா அட்டையைக் கொண்டா பதிவு செய்தார் என்பன போன்றவற்றைக் குறிக்கும். இவற்றின் வரிசை கருவிக்குக் கருவி மாறக்கூடியது. ஆதலால் ஒரு நாள் நீங்களே நான்கைந்து முறை வெவ்வேறு வகையில் பதிவு செய்து, எந்த எண் எதற்கு மாறுகிறது என்று பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஆக்சஸில் எக்ஸ்டர்னல் டேட்டா தாவலில் நியூ டேட்டா சோர்ஸ், ஃப்ரம் ஃபைல், டெக்ஸ்ட் ஃபைல் என்று சென்று டி.எக்ஸ்.டி. படியைத் தேர்ந்தெடுங்கள். நடப்புத் தரவுத்தளத்தில் புதிய அட்டவணையாக ஏற்றும் முதல் தெரிவே போதும். அடுத்து வரும் பக்கம், புலங்கள் பிரிப்பானால் பிரிக்கப்பட்டவையா, நிலையான அகலம் உடையவையா என்று கேட்கும். பிரிப்பானைத் தேர்ந்து, அதற்கடுத்த பக்கத்தில் தத்தலைக் குறியுங்கள். முன்னோட்டத்தில் ஒவ்வொரு விவரமும் தனித்தனி நெடுவரிசையில் நின்றால் சரி. எல்லா வரிகளும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே நீள வரியாகத் தெரிந்தால், கோப்பு யூனிக்ஸ் பாணி வரிமுடிவைக் கொண்டது. நோட்பேட் பிளஸ் பிளஸ் போன்ற ஒரு தொகுப்பானில் வரிமுடிவை விண்டோஸ் முறைக்கு மாற்றிச் சேமித்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள். இந்தக் கோப்பில் தலைப்பு வரி இல்லாததால், முதல் வரியில் புலப்பெயர்கள் உள்ளன என்ற கட்டத்தைக் குறிக்கக் கூடாது. குறித்துவிட்டால் முதல் பதிவு தலைப்பாகிக் காணாமல் போகும்.

இந்தப் பக்கத்தின் கீழே இருக்கும் அட்வான்ஸ்டு என்ற பொத்தானைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. உண்மையில் இறக்குமதியின் உயிர்நாடி அதற்குள் இருக்கிறது. கோப்பின் குறியாக்கம், தேதியில் நாள், மாதம், ஆண்டு வரும் வரிசை, ஒவ்வொரு புலத்தின் பெயரும் வகையும், வேண்டாத புலங்களைத் தவிர்க்கும் கட்டம் ஆகிய அனைத்தும் ஒரே சாளரத்தில் கிடைக்கும். இங்கே என் உறுதியான பரிந்துரை ஒன்று உண்டு: முதல் ஏற்றத்தில் எல்லாப் புலங்களையும் குறு உரை (ஷார்ட் டெக்ஸ்ட்) வகையாகவே வையுங்கள், எண்ணாகவும் தேதியாகவும் மாற்றுவதை அடுத்த கட்டத்தில் செய்யுங்கள்.

அதற்கான காரணத்தை ஒரு தொலைபேசிப் பட்டியலை வைத்து விளக்கலாம். வகையைத் தானே தீர்மானிக்க விட்டால், ஆக்சஸ் தொடக்கத்திலுள்ள சில வரிகளை மட்டும் பார்த்து முடிவுக்கு வரும். அந்த வரிகளில் சென்னையின் 8 இலக்கத் தரைவழி எண்கள் இருந்தால் நெடுமுழுஎண் (லாங் இன்டிஜர்) வகையைத் தேர்ந்துவிடும். அந்த வகையின் உச்ச வரம்பு 2,14,74,83,647. இந்தியக் கைப்பேசி எண்கள் 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில் தொடங்கும் 10 இலக்க எண்கள் என்பதால், அவற்றுள் ஒன்றுகூட இந்த வரம்புக்குள் அடங்காது. விளைவாக, கைப்பேசி எண் உள்ள பதிவுகள் எல்லாம் அந்தப் புலம் வெறுமையாக வந்து சேரும். ஆக்சஸ் இதை மறைப்பதில்லை; கோப்பின் பெயரோடு இம்போர்ட் எர்ரர்ஸ் என்று முடியும் தனி அட்டவணையில் எந்தப் புலத்தில் எந்த வரியில் பிழை என்று எழுதி வைக்கும். ஆனால் அந்த அட்டவணையைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. உரையாக ஏற்றினால் எதுவும் இழக்கப்படாது. மாற்ற முடியாத மதிப்பு எது என்பதை நிதானமாகத் தேடிப் பிடிக்கலாம்.

தேதிக்கு இது இன்னும் முக்கியம். எங்கள் வழக்கப்படி நாள் முன்னும் மாதம் பின்னும் எழுதிய கோப்பை, மாதம் முன்வரும் அமைப்பில் ஏற்றினால், 25/03/2024 என்பதில் உள்ள முரண் கண்ணில் படும்; ஆனால் 03/04/2024 என்பது ஏப்ரல் 3 ஆக இருந்த நிலையிலிருந்து மார்ச் 4 ஆக ஓசையின்றி மாறிவிடும். ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாட்கள் இப்படிப் பிறழ்ந்து நிற்கும் ஊதியக் கணக்கைச் சரிசெய்வது பெரும் துன்பம். வருகைப்பதிவுக் கருவி ஆண்டை முன்னால் எழுதுவது இந்த வகையில் ஒரு நற்பேறு.

புலங்களின் பெயர்களையும் வகைகளையும் அமைத்து முடித்ததும், அதே சாளரத்தில் சேவ் ஆஸ் பொத்தானை அழுத்தி இந்த அமைப்பை ஒரு பெயரில் சேமியுங்கள். இதுதான் இறக்குமதி விவரக்குறிப்பு. இறக்குமதி முடிந்தபின் இறுதிப் பக்கத்தில் படிகளைச் சேமிக்கவா என்று ஆக்சஸ் கேட்பது வேறு. அது கோப்பின் இருப்பிடத்தையும் சேர்த்துச் சேமிக்கும் தனி வசதி. இரண்டையும் ஒன்றென்று எண்ணி, இறுதிப் பக்கத்தில் கொடுத்த பெயரை நிரலில் எழுதிவிட்டு, அந்த விவரக்குறிப்பு இல்லை என்று பிழை வருவதைக் கண்டு திகைப்பவர்கள் ஏராளம்.

மாதந்தோறும் செய்ய

இப்போது உங்களிடம் உரை மட்டுமே கொண்ட ஓர் இடைநிலை அட்டவணை இருக்கிறது. நிலையான அட்டவணையைத் தனியே உருவாக்குங்கள்: பணியாளர் எண்ணுக்கு எண் வகை, நேரத்துக்குத் தேதி வகை. பணியாளர் எண், நேரம் ஆகிய இரண்டையும் சேர்த்து, மதிப்பு மீண்டும் வராத தனித்த சுட்டு (யுனிக் இண்டெக்ஸ்) ஒன்றை அந்த அட்டவணையில் அமையுங்கள். கருவி பெரும்பாலும் முதல் நாளிலிருந்து இன்றுவரையிலான மொத்தப் பதிவையும் ஒவ்வொரு முறையும் எழுதித் தரும் என்பதால், இந்தச் சுட்டு இல்லாவிட்டால் ஒருவருடைய ஒரே வருகை ஐந்தாறு முறை எண்ணப்படும். சுட்டு இருந்தால், இடைநிலை அட்டவணையின் பதிவுகளை நிலையான அட்டவணையில் சேர்க்கும் சேர்ப்பு வினவலை (அப்பெண்ட் க்வெரி) இயக்கும்போது ஏற்கெனவே உள்ளவற்றை ஆக்சஸ் மறுத்துப் புதியவற்றை மட்டும் சேர்க்கும். இத்தனை பதிவுகளைச் சேர்க்க முடியவில்லை என்று அது அறிவிப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

சேர்ப்பு வினவலில் பணியாளர் எண்ணைச் சுற்றி ட்ரிம் என்ற சார்பை இடுங்கள், ஏனெனில் இந்தக் கோப்புகளில் எண்ணின் முன்னால் வெற்றிடங்கள் இட்டு வலப்பக்கம் ஒதுக்கி எழுதும் வழக்கம் உண்டு. அவற்றோடு ஒப்பிட்டால் பணியாளர் அட்டவணையில் இருக்கும் எண்ணுடன் எதுவும் பொருந்தாது. நேரத்தைச் சி-டேட் சார்பால் தேதியாக்குங்கள். ஒவ்வொரு முறையும் இடைநிலை அட்டவணையைக் காலி செய்துவிட்டு ஏற்றுங்கள். காலி செய்தாலும் கோப்பின் பருமன் தானாகக் குறையாது. ஆக்சஸ் தரவுத்தளத்தின் மொத்த வரம்பு 2 ஜிகாபைட் என்பதால், அவ்வப்போது காம்பேக்ட் அண்ட் ரிப்பேர் செய்யுங்கள்.

நிரல் எழுதத் தெரிந்தவர்கள் இவை அனைத்தையும் ஒரு பொத்தானின் பின்னால் வைக்கலாம். ஃபைல்காப்பி கட்டளையால் மூலக்கோப்பை டி.எக்ஸ்.டி. என்ற பெயரில் தற்காலிகக் கோப்புறைக்குப் படியெடுத்து, டிரான்ஸ்ஃபர்டெக்ஸ்ட் முறைக்கு நாம் சேமித்த விவரக்குறிப்பின் பெயரையும் அந்தப் படியின் இடத்தையும் கொடுத்து ஏற்றி, சேர்ப்பு வினவலை இயக்கி, இறுதியில் கில் கட்டளையால் படியை அழித்துவிடுவது போதுமானது. நிரல் எழுதாதவர்கள் கோப்பை இறக்குமதி செய்யாமல் இணைத்து வைக்கும் வழியைப் பின்பற்றலாம்: ஒரே இடத்தில், மாறாத பெயரில் டி.எக்ஸ்.டி. கோப்பை வைத்து அதை இணைப்பு அட்டவணையாக்கிவிட்டு, மாதந்தோறும் அந்தக் கோப்பின் மேல் புதிய படியை எழுதினால், அட்டவணை தானே புதிய தரவைக் காட்டும். இணைத்த உரைக்கோப்பை ஆக்சஸுக்குள் திருத்த முடியாது. இந்த வேலைக்கு அது நன்மையே.

தமிழ்ப் பெயர்கள் உள்ள கோப்புகள்

பெயர் மாற்றம் வெற்றி பெற்ற பிறகும், தமிழில் எழுதிய பெயர்கள் மேற்கோடு இட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிவதுண்டு. கோப்பு யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தில் இருக்க, ஆக்சஸ் அதை விண்டோஸின் வழக்கமான ஒற்றை பைட் குறியாக்கமாகக் கருதிவிட்டதே காரணம். அட்வான்ஸ்டு சாளரத்தில் கோட் பேஜ் என்ற இடத்தில் யூனிகோடு யூ.டி.எஃப்-8, அதாவது 65001, என்பதைத் தேர்ந்தால் முன்னோட்டத்திலேயே தமிழ் தெளிவாகிவிடும். கோப்பு எந்தக் குறியாக்கத்தில் இருக்கிறது என்பதை இன்றைய நோட்பேடின் அடிப்பட்டையிலேயே பார்க்கலாம்.

யூனிகோடுக்கு முந்தைய கோப்புகளுக்கு இதற்கு நேர்மாறான கவனம் வேண்டும். தமிழ்நாடு அரசு 1999-இல் தரப்படுத்திய டேப், டேம் குறியாக்கங்களிலும், டிஸ்கியிலும், பாமினி போன்ற எழுத்துருக்களிலும் உள்ளிட்ட பட்டியல்கள் இன்றும் அலுவலகங்களின் பழைய வட்டுகளில் கிடக்கின்றன. டேப் என்ற இந்தக் குறியாக்கத்துக்கும் மேலே சொன்ன டேப் நீட்டிப்புக்கும் தொடர்பில்லை. அவற்றுள் டிஸ்கி, டேப் போன்றவற்றை யூ.டி.எஃப்-8 என்று சொல்லி ஏற்றினால், அதற்குப் பொருந்தாத பைட்டுகள் எல்லாம் கேள்விக்குறி போன்ற மாற்றுக் குறியாகி நிரந்தரமாக அழிந்துவிடும். உரைக்கோப்பாக இருக்கும் நிலையிலேயே குறியாக்க மாற்றி ஒன்றைக் கொண்டு யூனிகோடாக்கி, பிறகு யூ.டி.எஃப்-8 ஆக ஏற்றுவதே மிகச் சரியான வரிசை.

பி.ஆர்.என்., டி.பி.எஃப்.

பி.ஆர்.என். கோப்புகள் பெரும்பாலும் வெற்றிடத்தால் நிரப்பி நெடுவரிசைகளை நேராக்கியவை. டி.எக்ஸ்.டி. என்று பெயர் மாற்றி, நிலையான அகலம் என்ற தெரிவில் ஏற்ற வேண்டும். முன்னோட்டத்தில் கோடுகளை இழுத்துப் புலங்களின் எல்லையைக் குறிக்கலாம். எக்செலிலிருந்து வந்த பி.ஆர்.என். ஆனால் ஒரு வரியில் 240 எழுத்துகளுக்கு மேல் உள்ளவை மடிந்து கோப்பின் பிற்பகுதிக்குப் போயிருக்கும் என்பதைக் கவனியுங்கள். தமிழ் எழுத்துகள் உள்ள நிலையான அகலக் கோப்புகளில் இன்னொரு சிக்கல் உண்டு: யூ.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் இடம் கொள்ளும், கா என்பது இரண்டு குறிகளால் ஆனதால் 6 பைட். பைட்டுகளை எண்ணி அகலம் அமைத்த மென்பொருளிலிருந்து வந்த கோப்பில், பெயருக்குப் பின் வரும் எல்லைகள் வரிக்கு வரி நகர்ந்துவிடும். அத்தகைய கோப்பை அகலத்தால் பிரிக்க முயலாமல், பிரிப்பான் இட்ட வடிவில் மீண்டும் எடுத்துத் தருமாறு கேட்பதே நலம்.

டி.பி.எஃப். என்பது டி-பேஸ் என்ற பழைய தரவுத்தள மென்பொருளின் கோப்பு; அது உரையன்று, அதைப் பெயர் மாற்றக் கூடாது. ஆக்சஸ் 2013-இல் டி-பேஸ் ஆதரவு நீக்கப்பட்டது. 2016-இல் சந்தா முறைப் பதிப்புக்கு அது மீண்டும் வந்தது. ஆகவே 2013 பதிப்பு வைத்திருப்பவர்கள் லிபர்ஆஃபிஸ் கால்க்கில் திறந்து உரைக்கோப்பாகச் சேமித்துக்கொள்ளலாம். ஆதரவு உள்ள பதிப்பிலும், கோப்பின் பெயர் 8 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். நீண்ட குறிப்புப் புலங்கள் டி.பி.டி. அல்லது எஃப்.பி.டி. என்ற துணைக்கோப்பில் இருப்பதால் அதையும் அதே கோப்புறையில் வைக்க வேண்டும்.

விண்டோஸ் பதிவேட்டைத் திருத்துவது பற்றி

தேடினால் எளிதில் கிடைக்கும் மற்றொரு தீர்வு, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) ஏஸ் இயந்திரத்தின் உரைப்பகுதிக்குள் இருக்கும் டிஸேபிள்டு எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற மதிப்பில் வேண்டிய நீட்டிப்பைச் சேர்ப்பது. அந்த மதிப்பு வியப்புக்குறியோடு தொடங்கும்; பின்னால் வரும் நீட்டிப்புகளைத் தவிர மற்ற அனைத்தும் தடுக்கப்பட்டவை என்பது அந்தக் குறியின் பொருள். ஆகவே பெயரில் தடை என்றிருந்தாலும், பட்டியலில் சேர்ப்பது அனுமதிப்பதாகும். இது வேலை செய்யும். ஆயினும் ஆஃபிஸின் பதிப்புக்கும் நிறுவிய முறைக்கும் ஏற்ப அதன் இடம் மாறும். ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே செய்ய வேண்டும். ஆஃபிஸை மறுபடி நிறுவும்போது இத்திருத்தம் மறைந்துபோனால், முன்பு செய்தவர் அலுவலகத்தை விட்டுப் போயிருந்தால், ஏன் நின்றது என்று யாருக்கும் தெரியாது. வேறு மென்பொருள் ஒன்று அதே பெயரில் கோப்பை எழுதிக்கொண்டே இருக்க, அதைப் படியெடுக்காமல் நேரடியாக இணைத்துத்தான் தீர வேண்டும் என்ற நிலையில் மட்டும், பதிவேட்டின் அந்தப் பகுதியை முதலில் வெளியே சேமித்து வைத்துவிட்டு, ஒரே ஒரு நீட்டிப்பைச் சேருங்கள்.

ஆக்சஸ் இல்லாதவர்களுக்கு லிபர்ஆஃபிஸ் பேஸ் இந்தச் சிக்கலையே தருவதில்லை. ஏற்கெனவே உள்ள தரவுத்தளத்துடன் இணை என்பதில் டெக்ஸ்ட் வகையைத் தேர்ந்து கோப்புறையைக் காட்டும்போது, எந்த நீட்டிப்பைப் படிக்க வேண்டும் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளும் கட்டம் அங்கே இருக்கிறது. பிரிப்பானும் குறியாக்கமும் அதே பக்கத்தில் அமையும். அப்படி இணைத்தவை படிக்க மட்டுமே ஆகும் என்பதால், திருத்த வேண்டுமானால் அட்டவணையை நகலெடுத்து வேறொரு பேஸ் தரவுத்தளத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

எந்த வழியில் ஏற்றினாலும், படியை நீக்குவதற்கு முன்னால் இரண்டு எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். நோட்பேடில் கோப்பின் இறுதிக்குச் சென்றால் அடிப்பட்டையில் வரி எண் தெரியும். தலைப்பு வரியையும் வெற்று வரியையும் கழித்தால் அது இடைநிலை அட்டவணையின் பதிவு எண்ணிக்கையோடு ஒத்துப்போக வேண்டும். தொகை உள்ள கோப்பானால் மொத்தத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும், ஏனெனில் மேற்கோள் குறியின்றி 1,25,000 என்று எழுதிய தொகை காற்புள்ளிகளில் உடைந்து மூன்று நெடுவரிசைகளாகச் சிதறினாலும் பதிவு எண்ணிக்கை மாறாது. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் முதல் பதிவு தலைப்பாகிவிட்டதா என்று பாருங்கள். பல குறைந்தால் இறக்குமதிப் பிழை அட்டவணையைத் திறந்து, அது சுட்டும் வரி எண்ணை மூலக்கோப்பில் தேடுங்கள்.